லைன் தாங்காது

அக்காவின் மூக்கு எந்நேரமும் கணினித் திரையில் முட்டிக்கொண்டுதான் இருக்கும். முதலில் கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பார். பிறகு போட்டுப் பார்ப்பார். பிறகு கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பி நின்று, தலையைச் சரித்துப் பார்ப்பார். அதற்கும் சரிவராவிட்டால் கைலேஞ்சியால் திரையை ஒருதரம் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்புவார்.

“தம்பி, இஞ்சை ஒருக்கா வாங்கோ. இது எட்டோ, மூண்டோ?”

நான் எழும்பவே மாட்டேன். இருந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, “மூண்டு மாதிரித்தான் கிடக்கு அக்கா. அடிச்சுவிடுங்கோ” என்பேன்.

“மூண்டு மாதிரியோ, மூண்டோ?”

இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாளுக்கு இருபது தரம் கேட்பார்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு சேலைக்கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். பன்னிரண்டு பேர். வெளிநாட்டுக் காப்புறுதிக் கம்பனி ஒன்றின் பழைய படிவங்களை, கையால் எழுதியவற்றை, அவர்கள் ஸ்கான் பண்ணி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து நாங்கள் தட்டச்சுச் செய்ய வேண்டும். எங்கள் வேலையைச் சரிபார்ப்பது, அலுவலகத்தில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிற அவர்தான். கணினிகளுக்குப் பொறுப்பு நான்.

இதில் கூத்து என்னவென்றால், எங்கள் மேசையில் இருந்தவை பேருக்குத்தான் கணினிகள். படிவங்கள் தங்கள் நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்பது அந்தக் கம்பனியின் சட்டம். அதனால் அங்கே இருந்த பெரிய கணினி ஒன்றுக்குள், வெள்ளவத்தைக்காரர் ஒரு வீட்டைத் தடுத்து நாலு அனெக்ஸாக்கி வாடகைக்கு விடுவதுபோல, பன்னிரண்டு கற்பனைக் கணினிகளைத் தடுத்து வைத்திருந்தார்கள். காலையில் வந்து ஆளுக்கொரு அனெக்ஸைத் திறப்போம். அங்கே ஓடுகிற திரை, கடல் தாண்டி, எங்களுடைய ஒற்றை இணைய லைன் வழியாகப் படமாக வந்து சேரும். வேலை எல்லாம் அங்கேதான் நடக்கும். இங்கே ஒரு கடுகும் தங்காது.

வந்து சேர்ந்த படம் ஒரே மங்கல். எண்ணூறுக்கு அறுநூறு புள்ளி. அந்தக் கற்பனைக் கணினிகள் அதற்கு மேல் காட்டவில்லை. எங்கள் திரைகளோ பெரியவை. சின்னப்பிள்ளையின் சட்டையை இழுத்துப் பெரிய ஆளுக்குப் போட்டமாதிரி, அந்தச் சின்னப் படத்தை இழுத்து முழுத் திரைக்கும் நிரப்பி வைத்திருந்தேன். எழுத்தெல்லாம் ஓரம் ஊதிப்போய் நிற்கும். போதாக்குறைக்கு, வேகமாக வரட்டும் என்று நிறங்களையும் குறைத்து வைத்திருந்தேன்.

“இதைக் கொஞ்சம் தெளிவாக்கேலாதே தம்பி?” என்று சேர்ந்த முதல் கிழமையே அக்கா கேட்டார்.

“லைன் தாங்காது அக்கா.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். லைன் தாங்குமோ தாங்காதோ எனக்குத் தெரியாது. தெளிவாக்குவது எப்படி என்பதும் தெரியாது. அளவை மாற்றுகிற பட்டியலைத் திறந்தால் எண்ணூறோடு நின்றுவிடும். ஏன் என்று வெளிநாட்டில் இருந்த பொறுப்பாளருக்கு ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்டால், இதுகூடத் தெரியாதவனா அங்கே பொறுப்பு என்று நினைப்பார்களே! அந்த வெட்கம். லைன் என்று சொல்லிவிட்டால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். கொழும்பில் அப்போது எதற்கும் லைனில்தான் பழி. இரண்டு வருஷம் அதையே சொன்னேன். வேலைசெய்த பெண்பிள்ளைகள் எனக்கு அதையே பட்டமாகவும் வைத்தார்கள். “லைன் தாங்காது வருது, தேத்தண்ணியை ஊத்துங்கோடி” என்பார்கள். நானும் பல்லைக் காட்டிச் சிரிப்பேன்.

விளங்காத எழுத்துக்குக் கேள்விக்குறி போடலாம் என்று விதி இருந்தது. நாங்கள் போடமாட்டோம். குத்துமதிப்பாக ஒன்றை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போவோம். அக்கா போடுவார். பக்கம் பக்கமாகப் போடுவார். மனேஜர் ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் வைத்துக் கேட்டார்:

“மிஸ், எல்லாருடைய கேள்விக்குறியையும் சேர்த்தாலும் உங்கட அரைவாசிக்கு வராது. கண்ணைக் காட்டினீங்களா?”

“கண்ணுக்கு ஒண்டுமில்லை சேர். ரெண்டு தரம் கண்ணாடி மாத்திப்போட்டன். டொக்டர் இனி வராதேங்கோ எண்டிட்டார்.” பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்: “தெரியிற மாதிரி இருக்கிறது வேறை, தெரியிறது வேறை. நான் குத்துமதிப்பா அடிச்சு, ஆரோ ஒருத்தனுக்குக் கை போனதைக் கால் போனதெண்டு ஆக்கிப்போட்டா?”

மனேஜர் என்னைப் பார்த்தார். நான் மேலே சுழன்ற ஃபானைப் பார்த்தேன்.

எல்லாவற்றிலும் இப்படித்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு அனெக்ஸில் தனியாக இருந்தார். பின்னேரம் 155 பஸ் வந்தால் நாங்கள் வண்டியின் நிறத்தைப் பார்த்தே ஓடிப்போய்த் தொங்குவோம். அக்கா பஸ்ஸின் இலக்கப் பலகை கண்ணுக்குத் தெரியும்வரை நடைபாதையை விட்டு இறங்கமாட்டார். பலகையை வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். “போகட்டும், அடுத்தது வராதே?” என்று நிற்பார். முப்பத்தெட்டு வயதாகியும் கலியாணம் ஆகவில்லை. அதற்கும் ஒரு கதை. சுவிஸ் மாப்பிள்ளை ஒருவரின் படம் வந்ததாம். ஸ்டூடியோக்காரன் முகத்துக்குப் பூச்சுப் பூசி, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியும் வைத்திருந்தானாம். பூசாத படம் ஒன்று அனுப்பச் சொல்லி அக்கா தரகரிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

“கறுப்பெண்டாலும் பரவாயில்லை, சொட்டையெண்டாலும் பரவாயில்லை. ஆளைப் பாக்கோணுமே! படம் கீறினவனையோ நான் கட்டுறது?” என்று அக்கா சொன்னபோது நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம்.

சிரிக்க முடியாமல் போன நாளும் உண்டு. போர் இறுகிக்கொண்டிருந்த காலம். ஒரு காலை அலுவலகத்துக்குப் பொலிஸ் வந்தது. வரிசையாக நிற்கவைத்து, சிங்களத்தில் எழுதிய தாள் ஒன்றை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். என்ன ஏது என்று பார்க்காமல் பதினொரு பேரும் போட்டோம். அவசரத்தில் போட்ட என் கையெழுத்தே எனக்குப் பிடிபடவில்லை. அக்காவின் முறை வந்தது. தாளை மேலிருந்து கீழே பார்த்தார். பேனையை மேசையில் வைத்தார்.

“அத்சன் கரன்ன, நங்கி” என்றார் அதிகாரி, கையெழுத்தைப் போடு தங்கச்சி என்று.

அக்கா மனேஜரிடம் திரும்பினார். “இதிலை என்ன எழுதிக் கிடக்கெண்டு எனக்குத் தெரியாது. வாசிச்சுச் சொல்லச் சொல்லுங்கோ சேர்.”

 அந்த நாட்களில் இதற்கெல்லாம் ஜீப்பில் ஏற்றுவார்கள். அதிகாரி அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வரிவரியாக விரலை வைத்துத் தெரிந்த ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினார். இங்கே வேலைசெய்கிறவர்களின் பெயரும் விலாசமும், அவ்வளவுதான். அக்கா “தேங்க் யூ” சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் படியிறங்கியதும் நான் பாய்ந்தேன். “உங்களுக்கென்ன விசரே அக்கா? எங்களையும் சேர்த்தெல்லோ ஏத்தியிருப்பாங்கள்!”

“தெரியாத தாளிலை போட்டிட்டு உங்களுக்கு நித்திரை வருமே தம்பி?” என்று கேட்டார். எனக்கு அன்றிரவு நல்ல நித்திரை வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அக்காவுக்கு ஊரில் மிஞ்சியிருந்த ஒரே ஆள் அவருடைய சொந்தத் தம்பி. சின்னவன் என்பார். போர் நடந்த வன்னியில் மோட்டர் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தான். தாய் இல்லாமல் போன பிறகு அவனை வளர்த்தது அக்காதான். பள்ளிக்கூட நாளில் எடுத்த அவனுடைய சின்னப் படம் ஒன்று அவர் பேர்சில் எப்போதும் இருக்கும். போரின் கடைசி வருஷத்தில் அங்கே தொலைபேசி நின்றது, கடிதம் நின்றது. ஐந்து மாதமாக ஒரு செய்தியும் இல்லை. தப்பி வந்தவர்களை முகாம்களில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, அக்கா மத்தியானச் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே மூடி வைப்பார்.

அப்போது கனடாவிலிருந்து அக்காவின் ஒன்றுவிட்ட அண்ணன் மின்னஞ்சலில் ஒரு படம் அனுப்பினார். முகாம் ஒன்றில் யாரோ எடுத்தது. கீழே முகாமின் பெயர் எழுதி, “இது சின்னவனோ? நான் அவனைக் குழந்தையிலை கண்டது. நீதான் பாத்துச் சொல்லோணும்” என்று கேட்டிருந்தார்.

வெள்ளவத்தையில் தெருவுக்கு இரண்டு இணையக் கடை இருந்ததே, அங்கே போய்ப் பார்த்திருக்கலாமே என்று இப்போது கேட்பீர்கள். அந்தக் கடைகளில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொப்பியில் எழுதித்தான் கதிரை தருவார்கள். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. முகாம் படத்தைத் திறந்தவள் என்று ஒருவன் சொன்னால் போதும். எங்களுக்கெல்லாம் ஒரு வழக்கம் இருந்தது. வன்னிச் செய்தியோ படமோ எதுவென்றாலும் அலுவலகத்தில், அந்த வெளிநாட்டு அனெக்ஸுக்குள் போய்த்தான் திறப்போம். அது கொழும்பிலேயே இல்லாத கணினி. இங்கே எவன் வந்து கிண்டினாலும் ஒரு தடயமும் அகப்படாது. அந்தப் புத்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நானேதான்.

“தம்பி, இஞ்சை ஒருக்கா வாங்கோ.”

அன்றைக்கு நான் எழும்பிப் போனேன். அக்காவின் குரல் அப்படி இருந்தது.

தண்ணீர் கொண்டுவந்த பவுசர் லொறிக்கு முன்னால் நீள வரிசை. எல்லார் கையிலும் வாளி, கான். நடுவில் ஒரு இளைஞன் பாதி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். அக்கா படத்தைப் பெரிதாக்கினார். நான் குறைத்து வைத்த நிறங்களில் முகம் தவிட்டுத் திட்டுகளாக உடைந்தது. சிறிதாக்கினார். ஆள் எறும்பாகிப்போனான்.

“நிக்கிற விதம் அவன்ரைதான். தோள் ஒரு பக்கம் பதிஞ்சுதான் நிப்பான். ஆனா முகம் பிடிபடுதில்லை.” என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன் ஒருநாளும் பிடித்ததில்லை. “இதைக் கொஞ்சம் தெளிவாக்கித் தாங்கோ தம்பி. வேறையொண்டும் வேண்டாம். இந்த ஒண்டை மட்டும்.”

அப்போதாவது தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒருவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். என் வாயில் பழக்கத்துக்கு அதுதான் வந்தது.

“லைன் தாங்காது அக்கா.”

அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. அதை மூடுவதற்காக அடுத்ததையும் சொன்னேன். “ஏன் தெளிவாக்கோணும்? அவர்தான். பாருங்கோ, மூக்கு உங்கடை மூக்கு.”

பேர்சில் இருந்த அந்தச் சின்னப் படத்தை ஒரேயொரு தரம் பார்த்தவன் நான்.

மாதிரியோ, அவனோ என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. ஆயிரம் இடத்தில் கேள்விக்குறி போட்டவர் அந்த ஒரு இடத்தில் போடவில்லை. “ஓம் என்ன? அவன்தான் என்ன?” என்று திரும்பத் திரும்பச் சொல்லி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிள்ளைகளும் சுற்றிநின்று அழுதார்கள். அடுத்த நாள் லட்டு வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தார். எனக்கு இரண்டு தந்தார். தின்றேன்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு அந்த முகாம் ஒன்றுதான் உலகம். கடிதம், விண்ணப்பம், பாதிரியாரின் சிபாரிசு. பஸ்ஸிலும் ரெயினிலுமாக, முகாம் இருந்த வவுனியாவுக்குப் போய், கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத் தொண்டை கட்டி வந்தார். அங்கே வரிசையில் நின்ற ஒரு பெண் அவரிடம் சொல்லியிருக்கிறாள், காயப்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றி இன்னோர் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், அங்கேயும் ஒருதரம் பாருங்கள் என்று. அது முதல் கிழமை. எங்கள் பிள்ளைகளும் சொன்னார்கள்: “ஒருக்கா அங்கையும் போய்ப் பாத்தா என்ன அக்கா?”

“எனக்கேன் ஆஸ்பத்திரி? நான்தான் கண்ணாலை கண்டனானே! நல்ல சுகமா, வாளியும் கையுமா நிக்கிறான்” என்று அக்கா சிரித்தார்.

நான் அங்கேதான் இருந்தேன். என் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாவது கிழமை அக்கா மறுபடி வவுனியாவுக்குப் போயிருந்தார். வெளிநாட்டில் பொறுப்பாளர் மாறி, புதிதாக ஒருவர் வந்திருந்தார். எங்கள் திரைகள் எல்லாம் எண்ணூறில் நிற்பதைக் கண்டு, வேண்டுமென்றா இப்படி வைத்திருக்கிறீர்கள் என்று எழுதிக் கேட்டார். மறைக்க வழியில்லை. தெரியாது என்று எழுதினேன். அவர் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. கற்பனைக் கணினிக்குள் திரைக்கென்று ஒரு சின்ன மென்பொருள் போட வேண்டும், நீங்கள் அதைப் போடவேயில்லை, அதனால்தான் அதற்குப் பெரிய அளவு தெரியவில்லை என்றார். போட்டு, ஒருதரம் நிறுத்தித் திறந்து, இணைக்கும்போது இழுத்து நிரப்புவதை விட்டுவிட்டு உங்கள் திரையின் சொந்த அளவையே கொடுங்கள். நிறத்தையும் கூட்டுங்கள் என்றும் எழுதினார்.

“லைன் தாங்குமா?” என்று கேட்டேன்.

“ஏன் தாங்காது?” என்று திருப்பிக் கேட்டார்.

முதலில் அக்காவின் கணினியைத்தான் செய்தேன். இருபது நிமிஷம். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. படிவத்தில் பேனை மை ஊறிய இடம்கூடத் தெரிந்தது. 

திங்கட்கிழமை அக்கா வந்து உட்கார்ந்தார். திரை திறந்ததும் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். “எடேய் தம்பி! இதென்ன இது? என்ரை கண்ணெல்லே திறந்திட்டுது!” என்று கத்தினார். அவர் என்னை ‘எடேய்’ என்றது அன்றைக்குத்தான். பிள்ளைகள் எல்லாம் எழும்பிவந்து பார்த்தார்கள். ஒருத்தி கைதட்டினாள்.

அக்கா முதலில் திறந்தது படிவத்தை அல்ல.

பவுசர் தெரிந்தது. வாளியின் பச்சை தெரிந்தது. அந்த இளைஞனின் முகமும், கண்ணுக்குக் கீழே இருந்த மச்சமும், நெற்றியில் ஏறிய முடியும் நன்றாகத் தெரிந்தன. இளைஞனுமில்லை. நாற்பது வயது மதிக்கலாம். அக்கா மூக்கைத் திரையில் முட்டவில்லை. தலையைச் சரிக்கவுமில்லை. நேராக இருந்து பார்த்தார்.

“இது வேறை ஆரோ” என்றார்.

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அன்றைக்கே அந்த ஆஸ்பத்திரி இருந்த ஊருக்கு பஸ் ஏறினார் என்று பிறகு அறிந்தோம்.

தம்பியின் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து, வேலையை விடுவதற்குக் கடிதம் கொடுக்க ஒருநாள் வந்தார். வெள்ளைச் சேலை. தன் கதிரையில் இருந்தார், கணினியைத் திறக்கவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன். 

“வயித்திலை காயமாம்” என்றார், மேசையைப் பார்த்தபடி. “மூண்டு கிழமைக்கு மேலை இருந்திருக்கிறான். நேர்ஸ் பிள்ளை சொன்னா, கதவு திறக்கிற நேரமெல்லாம் தலையைத் தூக்கிப் பாப்பானாம். கொழும்பிலை அக்கா இருக்கிறா, வருவா எண்டு பக்கத்துக் கட்டில்காரருக்கெல்லாம் சொல்லி வைச்சிருந்தவனாம். விலாசம் சொல்லத் தெரியேல்லை அவனுக்கு. நான் போக ஆறு நாளைக்கு முந்தித்தான் கண்ணை மூடினவன்.”

வீதியில் பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டேயிருந்தான். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இந்தத் திரையைத் தெளிவாக்க எவ்வளவு நேரம் பிடிச்சது தம்பி?”

அந்தக் கண் எதையும் குத்துமதிப்பாக எடுக்காத கண். நான் அதைப் பார்க்காமல் சொன்னேன்.

“நாலைஞ்சு நாள் பிடிச்சது அக்கா. அங்கத்தை ஆக்கள்தான் செய்தவை. என்ரை கையிலை ஒண்டும் இருக்கேல்லை.”

 அக்கா எழும்பி என் தோளில் கையை வைத்தார்.

“அதுதானே. உங்களாலை ஏலுமெண்டா நான் கேட்ட அண்டைக்கே செய்து தந்திருப்பியள். நீங்கள் ஒண்டையும் மனசிலை வைச்சிருக்காதேங்கோ.”

“ஓம் அக்கா” என்றேன்.